பத்து ஐம்பத்திரண்டுக்கு நின்ற வேகம்

அத்தியாயம் ஏழு

மடிக்கணினித் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தபோது காலை மணி பத்து ஐம்பத்திரண்டு.

"போச்சுக்கா. இன்னைக்கும் போச்சு" என்றாள் சுஜீதா. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜீவராணி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். வாசற்படியில் நின்றிருந்த உதயராஜ் கையிலிருந்த பிளேன்டீயை ஒரே மடக்கில் விழுங்கினான். சூடு நாக்கைப் பொசுக்கிவிட்டது. இந்த நேரத்தில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜீவராணி பலாங்கொடைத் தபால் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். உதயராஜ் அவளுடைய உதவியாளன். நாற்பத்து நாலு வயது, ஒரு ஆட்டோ, ஓயாத வாய், இவ்வளவுதான் அவன் சொத்து. காணாமல் போன கணவன், காணாமல் போன மாடு என்று எத்தனையோ பார்த்தவர்கள் இருவரும். இன்டர்நெட் வேகத்தைக் காணவில்லை என்று வந்த முதல் ஆள் சுஜீதாதான்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே மெல்ரோய் தேயிலைத் தோட்டம். அதில் தொழிலாளர் குடியிருப்பான ஆறாம் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். ஏழாவது வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கொழும்பு ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் தமிழ் நோயாளிகளுக்கும் சிங்கள டாக்டர்களுக்கும் நடுவே வீடியோவில் மொழிபெயர்ப்பதுதான் சுஜீதாவின் வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. இன்று பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு பேச்சு இருக்கிறது. அதுவும் அறுந்தால் வேலை இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வேறு இடத்தில் போய் உட்காரவும் வழியில்லை. நோயாளியின் இரகசியம் என்பதால், பதிவு செய்த அறையிலிருந்து பதிவு செய்த இணைப்பில்தான் பேச வேண்டும். வேலை போனால் அவிசாவளைப் பக்கம் ஏதாவது கார்மென்ட்ஸ், ஒரு ஹொஸ்டல் கட்டில், நாலு வயது மகளை மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது.

"நாலு மணி நேரமும் எட்டு நிமிஷமும் இருக்கு" என்றாள் ஜீவராணி. "அழுறதுக்கு அதுல நேரம் ஒதுக்கல, சுஜீ."

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து விதுர்ஷன் வந்தான். இருபத்திரண்டு வயது. கையில் அவனுடைய ரவுட்டர், வயர்கள் எல்லாம் சுற்றிக் கட்டியபடி. அதைக் கொண்டுவந்து உதயராஜின் காலடியில் வைத்தான்.

"நல்லாப் பாருங்கண்ணே. ரெண்டு நாளா பிளக்கு கழட்டிக் கெடக்கு. இப்பயும் நான்தான் இவங்க நெட்டைத் திருடுறேனா?"

உதயராஜ் குனிந்து ரவுட்டரைத் தூக்கி ஓரமாக வைத்தான். முந்தாநாள் இதே வாசலில், லயத்துச் சனம் முழுக்கப் பார்த்திருக்க, "கள்ளன் பக்கத்துலயே இருக்கான், நாங்க பலாங்கொடையில இருந்து வந்து தேட வேண்டியிருக்கு" என்று அவன்தான் சொன்னான். விதுர்ஷன் ராப்பகலாய் கேம் விளையாடுகிறவன், அதனால் அவன்தான். உதயராஜின் துப்பறிவு அவ்வளவு தூரம்தான் போயிருந்தது.

"அதுபோக இது வேற" என்று விதுர்ஷன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். "ரெஜிஸ்டர் தபால்ல வெறும் தாள் அனுப்பியிருக்கீங்க. எங்க லயத்துல எல்லாருக்கும் வந்திருக்கு. இது என்ன, மெரட்டலா?"

"இல்ல தம்பி, பத்திரமா வச்சுக்கங்க. உறையையும்தான்" என்றாள் ஜீவராணி. அவன் முறைத்துவிட்டுப் போனான்.

அவள் சுஜீதாவின் கொப்பியைத் திறந்து கட்டிலில் வைத்தாள். மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் வேகம் எத்தனை மணிக்குச் செத்தது என்று சுஜீதா அதில் எழுதியிருந்தாள். அதன் பக்கத்தில், பத்தாவது வீட்டு வெள்ளையம்மாவிடம் வாங்கிய வேலைக் கார்டு. எந்தெந்த நாள் கொழுந்து எடுக்கப் போனாள் என்ற விவரம் அதில் இருந்தது.

"ரெண்டையும் சேர்த்து வாசி, உதயா."

அவன் விரல் வைத்து வாசித்தான். வேலை கொடுத்த நாட்களில் இணைப்பு நாலு, நாலரை மணி வரை தாக்குப் பிடித்திருந்தது. வேலை கொடுக்காத நாட்களில் பதினொரு மணிகூடத் தாண்டவில்லை. இன்று மலையில் வேலை இல்லை.

"அப்ப தோட்டத்துத் தொரை வேலை குடுத்தா நெட்டு ஓடுது, குடுக்காட்டி நெட்டும் லீவு போடுது. தொரைக்கு ஒரு மனு எழுதுவோமாக்கா?"

"எல்லாரும் வீட்ல இருந்து பார்த்தா டவர் தாங்காதுதானே அண்ணே" என்றாள் சுஜீதா. "கஸ்டமர் கேர்லயும் அதையேதான் சொல்றாங்க."

"அதோ தெரியுற தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் குவாட்டஸ்லயும் இதே டவர், இதே கம்பெனி, இதே பேக்கேஜ்" என்றாள் ஜீவராணி. "உதயா, ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துட்டு வா."

உதயராஜ் ஓடிப்போய் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "கிளாக்கர் மகன் கிரிக்கெட் பாக்குறாருக்கா. பந்து எறியுறவன் எறியுறான், அடிக்கிறவன் அடிக்கிறான், ஒருத்தனும் நடுவுல நின்னு யோசிக்கல."

"அப்ப டவர்ல ஒரு கோளாறும் இல்ல."

ஜீவராணி சுஜீதாவின் இணைப்பு விண்ணப்பப் படிவத்தின் பிரதியை எடுத்தாள். முதல் நாளே பார்த்ததுதான். இன்றும் அவள் விரல் அதே கட்டத்தின் மேல் போய் நின்றது. கட்டத்துக்குள் எழுத்து எதுவும் இல்லை, சின்னதாய் ஒரு கோடு மட்டும். படிவத்தைப் பைக்குள் போட்டாள்.

"வண்டிய எடு. பலாங்கொடைக்கு."

*

மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து ரோட்டில் ஆட்டோ இறங்கிய விதத்துக்கு, ஓப்பநாயக்க வந்து சேரும்போது இருவருடைய இடுப்பும் இடம் மாறியிருந்தது. பெரிய ரோட்டில் ஏறி, பலாங்கொடைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

"தபால் கந்தோர்ல நிப்பாட்டு" என்றாள் ஜீவராணி.

"அக்கா, அங்க அந்தப் புள்ளை மணியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. பழைய சிநேகிதங்களைப் பார்க்கிற நேரமா இது?"

"நிப்பாட்டு."

நிறுத்தினான். பத்து நாளைக்கு முன்னால் நடந்த கூத்து ஞாபகம் வந்தது. ஆறாம் லயத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு பதிவுத் தபால். உள்ளே வெறும் தாள். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் அட்டை வேறு, ஒவ்வொன்றோடும். வரிசையில் நின்று அனுப்பியது அவன்தான். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்க்கவும் இல்லை. தோட்டத்து விலாசத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ஐந்து நிமிடத்தில் ஜீவராணி ஒரு தடித்த உறையோடு வெளியே வந்தாள். முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்தது. ஆனாலும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்ததை அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"என்னக்கா அது?"

"இன்னைக்குக் காலையில வந்து சேர்ந்திருக்கு. வண்டிய எடு."

*

ஹிமிதிரி லிங்க் கம்பெனியின் பலாங்கொடைக் கிளை, பகல் சாப்பாட்டுக்காகப் பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த போஸ்டரில் ஒரு பெண் மடிக்கணினியோடு மேகத்தில் பறந்துகொண்டிருந்தாள். எல்லையே இல்லாத இணைப்பு என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. உதயராஜ் அவளைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் காத்திருந்தான். அந்த இருபது நிமிடத்தில் அவளை அவன் என்னென்ன திட்டினான் என்பதை இங்கே எழுத முடியாது.

ஒன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. உதவி முகாமையாளர் ஜஸீல், முப்பது வயதுக்காரர், களைத்த கண்களோடு அவர்களை உட்காரச் சொன்னார்.

"நாங்க யாரோட வேகத்தையும் குறைக்கிறது இல்ல மேடம். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபது ஜிபி. அது முடிஞ்சா சிஸ்டம் தானா இறக்கிரும். ராத்திரி பன்னெண்டுக்குத் திரும்ப வந்துரும்."

"வாசல்ல எல்லையே இல்லைன்னு ஒட்டியிருக்கீங்க" என்றான் உதயராஜ்.

"கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு."

"பார்த்தேன். எறும்பு வந்து வாசிச்சுச் சொன்னாத்தான் உண்டு."

ஜீவராணி அவனைக் கண்ணால் அடக்கினாள். "சுஜீதாவோட கணக்கைக் காட்டுங்க."

ஜஸீல் தட்டினார். திரையில் சிவப்பாய் ஒரு வரி. "இருபது ஜிபி. இன்னைக்கு காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு முடிஞ்சிருக்கு."

"அவ மெஷின்ல இன்னைக்கு ஒன்றரைதான் காட்டுது. போட்டோ இருக்கு."

"அப்ப பக்கத்து வீட்ல யாராவது திருடுறாங்க. பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுங்க."

உதயராஜ் நெளிந்தான். அதே வார்த்தை. இன்னொருவர் வாயால் கேட்கும்போது அது எவ்வளவு சுலபமான, எவ்வளவு கேவலமான வார்த்தை என்று தெரிந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் பேரு விதுர்ஷன். அவரோடதையும் பார்த்துருவோம்" என்றாள் ஜீவராணி.

ஜஸீல் தட்டினார். சிவப்பு வரி. "இருபது ஜிபி. பத்து ஐம்பத்திரண்டு."

"அவரு பிளக்கைக் கழட்டி ரெண்டு நாளாச்சு. அடுத்து வெள்ளையம்மா."

"இருபது. பத்து..." ஜஸீல் நிறுத்தினார்.

"பத்து ஐம்பத்திரண்டு. அடுத்தது இராமசாமி, அவருக்குச் சரியாக் கண்ணும் தெரியாது. அவரும் இருபது ஜிபியை அதே நிமிஷத்துல முடிச்சிருப்பாரு. தட்டிப் பாருங்க."

ஜஸீல் தட்டவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ஜீவராணி படிவத்தை மேசையில் விரித்தாள். "இந்தக் கட்டத்தைப் பாருங்க. வீட்டு இலக்கம். உள்ள ஒரு கோடு போட்டிருக்கு. பன்னெண்டு பேரோட படிவத்தையும் வாங்கிப் பார்த்தேன், எல்லாத்துலயும் இதே கோடுதான். பாவம், லயத்துல யாரைக் கேட்டாலும் அப்படித்தான் போடுவாங்க. அவங்க அம்மா அப்பாவும் அதையேதான் போட்டாங்க. தோட்டத்துப் பேரை எழுதினாப் போதும், கடிதம் ஆபீசுக்கு வரும், கிளாக்கர் கூப்பிட்டுக் குடுப்பாரு. வீட்டுக்கு நம்பர்னு ஒன்னு வேணும்னு அவங்களுக்கு யாரும் சொன்னதே இல்ல."

உதயராஜுக்கு மெல்ல மெல்ல விடிந்தது. "அப்ப உங்க சிஸ்டத்துக்கு..."

"விலாசம் ஒன்னுன்னா வீடு ஒன்னு. பன்னெண்டு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டுப் பங்கைத் தின்னுக்கிட்டு இருக்கு. வேலை இல்லாத நாள்ல எல்லாரும் வீட்ல இருப்பாங்க, பதினொரு மணிக்கே தீர்ந்து போகும். குவாட்டஸுக்கு நம்பர் இருக்கு, அதனால கிளாக்கர் மகன் கிரிக்கெட் பாக்குறாரு."

ஜஸீல் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்கார்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"எல்லாந் தெரியும். ஆரம்பத்துல சிஸ்டத்தோட பிழைதான். நான் ரெண்டு தடவை இரத்தினபுரியில இருக்கிற மேலிடத்துக்கு எழுதினேன். அதுல கை வைக்க வேணாம்னு பதில் வந்துச்சு. தோட்டப் பக்கம் புது டவர் போடாம சமாளிக்க இது நல்ல வழியாம். நாப்பது தோட்டத்துல இப்படித்தான் ஓடுது."

உதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை, பகிடியும் வரவில்லை. நாற்பது தோட்டத்தில் எத்தனை லயம், ஒவ்வொரு லயத்திலும் பழி சுமந்துகொண்டு எத்தனை விதுர்ஷன்!

மணி இரண்டு ஐந்து.

"உங்க மேலதிகாரிக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல" என்றாள் ஜீவராணி.

இரத்தினபுரியிலிருந்து பேசிய பிராந்திய முகாமையாளர் பொறுமையாகவே பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லிபினய எக்கக் நங், கெதரத் எக்காய்" என்றார் சிங்களத்தில். விலாசம் ஒன்றென்றால் வீடும் ஒன்றுதான். அவருக்கு அத்தோடு விஷயம் முடிந்தது.

ஜீவராணி வழுக்காத சிங்களத்தில் கேட்டாள். "அப்படியென்றால் மாதா மாதம் அந்த வீட்டுக்கு ஏன் பன்னிரண்டு பில் அனுப்புகிறீர்கள், சேர்? வாங்கும்போது பன்னிரண்டு வீடு, கொடுக்கும்போது ஒரு வீடா?"

மறுமுனையில் அவர் சிரித்தார். சட்டம் தெரிந்தவரின் சிரிப்பு. படிவத்தின் பின்பக்கத்தில் ஏழாவது விதி இருக்கிறது, வாசிக்கச் சொன்னார். தனி விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டுவந்தால் அன்றைக்கே தனி வீடாகப் பதியப்படும். அந்த விலாசத்துக்குப் பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததற்கான சான்று இருந்தாலும் போதும். லயத்து அறைகளுக்குத் தோட்ட நிர்வாகம் இலக்கம் கொடுத்ததில்லை, கொடுக்கப்போவதும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு தாராளம்.

"அந்த விதியை நீங்களே இப்போது ஜஸீலுக்கு உறுதிப்படுத்துவீர்களா?" என்று ஜீவராணி கேட்டாள்.

"தாராளமாக. சான்று இருந்தால் பதியுங்கள், ஜஸீல்."

ஜீவராணி தபால் கந்தோர் உறையைப் பிரித்தாள். பன்னிரண்டு அட்டைகள். சீட்டு பரப்புகிற மாதிரி ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள்.

உதயராஜ் எட்டிப் பார்த்தான். பத்து நாளைக்கு முன்னால் வரிசையில் நின்று, வாசிக்காமலே அவன் அனுப்பிய விலாசங்கள். இலக்கம் 6/1, மெல்ரோய் தோட்டம். இலக்கம் 6/2. இலக்கம் 6/3. ஒவ்வொரு அட்டையின் கீழும் பெற்றுக்கொண்டோம் என்று பெரிய கிளாக்கர் பாலசுப்பிரமணியத்தின் கையெழுத்து. அதன் மேல் நீல மையில், வட்டமாக, தோட்ட நிர்வாகத்தின் முத்திரை.

"லயத்து முனையில இருக்கிற தண்ணிப் பைப்படியில இருந்து நானே வீடுகளை எண்ணி நம்பர் போட்டேன்" என்றாள் ஜீவராணி. "கிளாக்கர் ஐயா நல்ல மனுசன். ஆனா விலாசத்தை வாசிக்க மாட்டாரு. தோட்டத்துக் கடிதம்னா கையெழுத்து, முத்திரை, அடுத்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த அட்டைங்க என் கையாலதான் போச்சு, வந்துச்சு. இத்தனை காலமா கேட்டும் தோட்டம் குடுக்காத நம்பரை, அவரு ஒரே நாள்ல பன்னெண்டு தடவை ஒத்துக்கிட்டு முத்திரை குத்தியிருக்காரு."

ஜஸீல் ஒரு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து, "சான்று இருக்கிறது சேர். பன்னிரண்டும் இருக்கிறது. பதிகிறேன்" என்றார். பதில் வருவதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார். பயம் இருந்தும் வைத்துவிட்டாரே, உதயராஜுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

மணி இரண்டு இருபத்தொன்று.

ஒவ்வொரு பெயராகப் பதிய வேண்டியிருந்தது. "ஏழாம் நம்பரை முதல்ல போடுங்க" என்றாள் ஜீவராணி. பெயர், விலாசம், அட்டையின் படம். நடுவில் சிஸ்டம் ஒரு தடவை தொங்கி நின்றது. "இதுவும் உங்க கம்பெனி இணைப்புத்தானா?" என்று உதயராஜ் கேட்க, முதல் தடவையாக ஜஸீல் சிரித்தார். இரண்டு நாற்பத்தெட்டுக்குச் சிவப்பு வரி மறைந்தது. புது வீடு, புதுக் கணக்கு, பாவனை பூச்சியம் ஜிபி.

ஜீவராணி போன் அடித்தாள். "சுஜீ, ரவுட்டரைக் கழட்டு. முப்பது வரைக்கும் எண்ணிட்டு மாட்டு. மூணு மணிக்குப் பேசப் போ. ஏதும் அறுந்தா உடனே எனக்கு அடி."

மற்றப் பதினொரு பெயர்களையும் ஜஸீல் பதிந்து முடிக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். மூன்று மணி. போன் அடிக்கவில்லை. மூன்று ஐந்து. உதயராஜ் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய இரண்டு தடவையும் பத்தாவது நிமிடத்தில்தான் அறுந்தது என்று சுஜீதா சொல்லியிருந்தாள். மூன்று பத்து. மூன்று பதினொன்று. அவனுக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்துக்கும் ஒரு சுற்று நேர்த்தி வைத்துவிட்டான். ஆட்டோவின் அடுத்த டயர் கணக்கில் எங்கேயோ துண்டு விழும், பரவாயில்லை.

மூன்று நாற்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"அக்கா, முடிஞ்சிருச்சு. ஒரு தடவைகூட அறுந்து போகல." சுஜீதா மூச்சு விடாமல் பேசினாள். "ஒரு அம்மா, மகனுக்கு என்ன ஆப்பரேஷன்னு தெரியாமலே ரெண்டு நாளாக் கையெழுத்துப் போடாம இருந்திருக்காங்க. இன்னைக்கு எல்லாத்தையும் கேட்டுப் புரிஞ்சு போட்டாங்க. அடுத்த கெழமைக்கும் எனக்கு டைம் குடுத்திருக்காங்கக்கா."

ஜீவராணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"அக்கா, இன்னொன்னு. விதுர்ஷன் கையில பெயின்ட் டப்பாவோட நிக்கிறான். உறையில போட்டிருந்த நம்பரை இப்பத்தான் பார்த்தானாம். லயத்துல எல்லார் கதவுலயும் எழுதப் போறேங்கிறான். எங்க வீட்ல என்ன எழுதணும்?"

"ஆறு. ஒரு சாய்ஞ்ச கோடு. ஏழு."

உதயராஜ் கையை நீட்டிப் போனை வாங்கினான். அன்றைக்கு அவன் பேசியதிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

"விதுர்ஷன்கிட்ட குடும்மா. எட்டாம் நம்பர் வீட்டுக்காரர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."